பெருவின் மலைப்பாதைகள்: வாசகர் கேள்வி – பதில்

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளில் நடைப்பயணம் போவது குறித்துச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஜூன் மாதத்தில் 12 நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நாங்கள் நால்வர் பெரு செல்ல எண்ணியுள்ளோம். இன்கா பாதை, சல்கந்தாய், உவாராஸ் நகரை ஒட்டிய சாந்தா குரூஸ் ஆகிய மூன்று நடைகளையும் இந்த நாட்களுக்குள் முடித்துவிட இயலுமா?

இயலாது. ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து லிமாவுக்கு நேரடி விமானம் இல்லாததால், போக வர என்று பயணத்திலேயே ஏறக்குறைய 4 நாட்கள் கரைந்துவிடும். மீதமிருக்கும் 8 நாட்களில் முதல் 3 அல்லது 4 நாட்களை உடல் உயரத்துக்குப் பழகுவதற்கென ஒதுக்கியே ஆக வேண்டும். மேலும், நீங்கள் குறிப்பிடும் இடங்கள் ஒன்றுக்கொன்று அருகில் இல்லை. உவாராஸ் லிமாவுக்கு வடக்கே, பேருந்தில் சுமார் 8 மணி நேரத் தொலைவில் இருக்கிறது. மற்ற இரண்டு நடைகளுக்கும் தளமான குஸ்கோவோ தென்கிழக்கே, விமானத்தில் போக வேண்டிய இடம்.

இன்காக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சுவைப் பார்ப்பதுதான் முதன்மையான ஆசை என்றால் குஸ்கோவுக்குப் போங்கள். அங்கே இரண்டு வழிகள் உண்டு. இன்கா பாதையில் வழிகாட்டிகள், சுமைதூக்குவோர் உட்பட ஒரு நாளைக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி. உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாக அன்றித் தனியே நடக்க விடமாட்டார்கள். மே முதல் ஆகஸ்ட் வரையிலான நாட்களுக்குரிய அனுமதிச் சீட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். சீட்டு உங்கள் கடவுச்சீட்டு எண்ணின் பேரில் வழங்கப்படுகிறது, பிறர் பெயருக்கு மாற்ற முடியாது. இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க நேர்ந்தால், பழையதையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். சல்கந்தாய் பாதைக்கு இத்தகைய ஒதுக்கீடு எதுவும் இல்லை. ஆனால் அதன் கணவாய் 4,600 மீட்டரைத் தாண்டுகிறது, இன்கா பாதையின் உச்சமான வார்மி வாஞுஸ்கா கணவாயோ 4,215 மீட்டர்தான்.

பழைய நகரங்களும் கற்சுவர்களும் வேண்டாம், மலைகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு உவாராஸ்தான் என் பரிந்துரை. 4 நாள் சாந்தா குரூஸ் நடையில் 4,750 மீட்டர் உயரமுள்ள புந்தா யூனியோன் கணவாயை ஏறிக் கடந்தவுடன் கண்ணெதிரே விரியும் பனிச்சிகரங்களின் வரிசைக்கு இணையான ஒன்றைக் குஸ்கோ பகுதியின் எந்தப் பாதையிலும் காண முடியாது என்பது என் கருத்து; இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்களும் எனக்கு உண்டு.

ஜூன் நல்ல மாதம். மே முதல் செப்டம்பர் வரை அங்கே வறண்ட பருவம். ஆனால் ஜூன் 24 அன்று நடைபெறும் இந்தி ராய்மி திருவிழாவையொட்டிக் குஸ்கோவில் அறை கிடைப்பது அரிது. ஜூலை 28, 29 ஆகிய தேசிய விடுமுறை நாட்களையொட்டி நாடு முழுவதும் பேருந்துக் கட்டணம் ஏறிவிடும். பிப்ரவரியில் மழையின் காரணமாகவும் பராமரிப்புக்காகவும் இன்கா பாதையை மூடிவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. நாள்தோறும் அதிகாலையில் 6 கிலோமீட்டர் வேகநடை நடக்கிறேன், இதுவரை பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. உடல் உறுதியாக இருப்பவர்களுக்கு உயர நோய் வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதை நம்பலாமா?

நம்ப வேண்டாம். நடைப்பயிற்சி உங்கள் கால்களுக்கும் இதயத்துக்கும் நல்லது. மலையில் களைப்பைக் குறைக்கும். உயர நோயைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. சொல்லப்போனால், உடல் உறுதி மிக்க இளைஞர்களே வேகமாக ஏறி, முதலில் படுத்துவிடுவதும் உண்டு.

குஸ்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சல்கந்தாய் கணவாயில் பாதிக்குச் சற்றே கூடுதல். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்கு ஈடுகொடுக்கப் பழகிக்கொள்ளும். அதற்கு நாட்கள் வேண்டும், பணத்தாலோ பயிற்சியாலோ அந்த நாட்களைச் சுருக்க முடியாது. நம்மை ஏமாற வைப்பது என்னவென்றால், அறிகுறிகள் பெரும்பாலும் வந்திறங்கிய 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தோன்றுகின்றன. காலை விமானத்தில் குஸ்கோவில் இறங்குபவர் ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்று மகிழ்ந்து, பிற்பகலில் சாக்சாய்வாமான் கோட்டை வரை படியேறிப் பார்த்துவிட்டு, இரவில் வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுக்கிறார். நள்ளிரவில் தலை வெடிப்பதுபோல வலிக்கிறது, குமட்டல், உறக்கமில்லை.

மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி இதுதான்: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தைய இரவு உறங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் அடுத்த இரவு ஏற வேண்டாம், 3 அல்லது 4 நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் ஏறாமல் தங்குங்கள். பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட இரவில் எங்கே படுக்கிறீர்கள் என்பதே முக்கியம். லிமாவிலிருந்து குஸ்கோவுக்குப் பறப்பதே இந்த விதியை மீறுவதுதான் என்பதால், விமான நிலையத்திலிருந்து நேராகக் கீழே உருபம்பா பள்ளத்தாக்குக்குச் சென்றுவிடுங்கள். ஒயந்தாய்தம்போ ஊர் சுமார் 2,800 மீட்டரில் இருக்கிறது. அங்கே 2 இரவு தங்கி, பிறகு குஸ்கோவில் 2 இரவு கழித்தால், சல்கந்தாய் நடையின் முதல் முகாமான 3,900 மீட்டர் சொராய்பம்பாவில் படுக்கும்போது உடல் ஓரளவு தயாராக இருக்கும். மறுநாள் கணவாயைக் கடந்தபின் அந்தப் பாதை 3,000 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடுவதால், கடினமான இரவு அந்த ஒன்றுதான். உவாராஸ் செல்பவர்களுக்கு அந்த நகரமே 3,050 மீட்டரில் இருக்கிறது. முதலில் 3,700 மீட்டர் வில்காகோச்சா ஏரி வரை போய் அன்றே திரும்புவது, ஓரிரு நாள் கழித்து 4,450 மீட்டர் சூருப் ஏரி என்று படிப்படியாகப் போகலாம்.

அசெட்டசோலமைடு என்னும் மாத்திரை பழகுதலை விரைவுபடுத்துகிறது. தடுப்புக்காக வழக்கமாகத் தரப்படும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து. விரல் நுனிகளில் மரத்துப்போன உணர்வும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இதன் இயல்பான பக்க விளைவுகள். சல்பா மருந்துகள் ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. மலையில் முதன்முறையாக விழுங்குவதைவிட, ஊரிலேயே ஒரு நாள் எடுத்துப் பார்த்து உடல் ஏற்கிறதா என்று அறிந்துகொள்வது நல்லது.

இலேசான தலைவலி பொறுத்துக்கொள்ளக்கூடியது. அது தீரும்வரை மேலே ஏறாதிருங்கள். ஆனால் இரண்டு அறிகுறிகளுக்கு அவகாசமே கிடையாது. ஒன்று, தள்ளாட்டம். துணைக்கு வந்தவர் மீது ஐயம் எழுந்தால், தரையில் ஒரு நேர்க்கோட்டைக் காட்டி, ஒரு பாதத்தின் குதிகால் மற்றொன்றின் விரல்நுனியைத் தொடுமாறு வைத்து வைத்து நடக்கச் சொல்லுங்கள். நிலை தடுமாறி ஓரமாகச் சாய்ந்தால், மூளையில் நீர் கோத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மற்றொன்று, உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போதும் அடங்காத மூச்சிரைப்பும் இருமலும். இது நுரையீரலில் நீர் கோத்ததன் அடையாளம். இரண்டுக்கும் மருந்து கீழே இறங்குவதுதான், அதுவும் விடியும்வரை காத்திராமல்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து எடுத்துக்கொள்பவன் நான். இந்தப் பயணத்துக்குப் போகலாமா?

போகலாமா என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். அவரிடம் ‘தென் அமெரிக்கா போகிறேன்’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மீட்டர் உயரத்தில் எத்தனை இரவுகள் உறங்கப் போகிறீர்கள் என்பதை எழுதிக் காட்டிக் கேளுங்கள். உயரத்தில் முதல் சில நாட்கள் இரத்த அழுத்தம் கூடுவது வழக்கம். இன்சுலின் உறைந்தால் பயனற்றதாகிவிடும் என்பதால் பகலில் உள்சட்டைப் பையிலும் இரவில் ஸ்லீப்பிங் பேக்கினுள்ளும் அதை வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை அளக்கும் கருவி கடுங்குளிரிலும் உயரத்திலும் தவறான அளவைக் காட்டக்கூடும். அதையும் உடலோடு ஒட்டி வையுங்கள். மருந்துகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றை உங்கள் முதுகுப்பையிலும் மற்றொன்றைத் துணைவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கோக்கா இலைத் தேநீர் குடித்தால் உயர நோய் அண்டாது என்கிறார்களே?

பெருவில் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பானம். விடுதிகளில் இறங்கியவுடன் தருவார்கள், சூடாகக் குடிக்க இதமாகவும் இருக்கும். உயர நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. ஒரு பொட்டலத்தைக்கூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள். இந்தியச் சட்டத்தில் கோக்கா இலை போதைப்பொருள். பணியிடத்தில் போதைப்பொருள் பரிசோதனைக்கு உட்படுபவர்கள் அங்கேயும் குடிக்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: விசா, தடுப்பூசி, காப்பீடு, பணம் ஆகியவற்றுக்கு என்னென்ன ஏற்பாடுகள் செய்ய வேண்டும்?

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்குப் பெரு விசா தேவை. ஆயினும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் நாடுகளின், குறைந்தது 6 மாதம் செல்லத்தக்க விசாவோ அந்நாடுகளில் நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அமெரிக்கா வழியே விமானம் மாறுவதானால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அந்நாட்டு விசா வேண்டும் என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே கவனியுங்கள்.

பலரும் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில்தான். குஸ்கோவுக்கும் உவாராஸுக்கும் போக பெரு அதைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். பெரு மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் வருபவர்களை 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே ஊசி போடுவார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், பின்னர் ஆயுள் முழுதும் போதும். 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பக்க விளைவுக்கான வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் மருத்துவரைக் கலந்துகொண்டே போட்டுக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டுப் பத்திரத்தில் ‘மலைநடை’ என்ற சொல் இருந்தால் மட்டும் போதாது. எத்தனை மீட்டர் வரை என்பதைப் படியுங்கள். பல பாலிசிகள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே நடப்பதை விலக்கி வைத்திருக்கின்றன. நேபாளத்தைப்போல அழைத்தவுடன் ஹெலிகாப்டர் வரும் என்று எண்ண வேண்டாம். பெருவின் மலைகளில் காயமுற்றவரைப் பெரும்பாலும் குதிரையிலோ கோவேறு கழுதையிலோ ஏற்றித்தான் சாலைவரை கொண்டுவருகிறார்கள். குழுவில் அத்தகைய விலங்கு ஒன்று உடன் வருமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

பணம் சோல். நகரங்களில் தானியங்கி இயந்திரங்கள் உண்டு, மலையூர்களில் கிடையாது. 10, 20 சோல் தாள்களும் நாணயங்களும் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். டாலர் கொண்டுபோனால் புத்தம் புதிய தாள்களாக இருக்கட்டும், சிறு கிழிசல் இருந்தாலும் வாங்க மறுப்பார்கள்.

கேள்வி: உடை, காலணி, கூடாரம் என்று கடைக்காரர் நீட்டும் பட்டியல் மிக நீளமாக இருக்கிறது. உண்மையில் எவற்றை வாங்க வேண்டும்?

காலணிக்குச் செலவழியுங்கள், மற்றவற்றில் பெரும்பாலானவற்றைக் குஸ்கோவிலும் உவாராஸிலும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். காலணியை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலையில் அணியப்போகும் தடித்த காலுறையுடன் போட்டுப் பாருங்கள். கயிறு கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஏறும்போது ஒன்றும் தெரியாது; இன்கா பாதையில் ஆயிரக்கணக்கான கற்படிகளில் இறங்கும்போது விரல்நுனிகள் முட்டி முட்டி நகம் கறுத்துவிடும். குறைந்தது இரண்டு மாதங்கள் அதை அணிந்து நடந்து பழகுங்கள். விமானத்திலும் காலிலேயே அணிந்து செல்லுங்கள். தொலைந்துபோன பெட்டிக்குப் பதிலாக ஸ்வெட்டரை எங்கும் வாங்கிவிடலாம், பழகிய காலணியை வாங்க முடியாது.

வறண்ட பருவத்தில் பகல் வெயில் சுடும். 4,000 மீட்டர் முகாம்களில் இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும், விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறத்தில் நம் மூச்சின் ஈரமே உறைந்து, துணியைத் தொட்டதும் பொடியாக முகத்தில் உதிரும். ஆகவே ஒரே தடித்த கோட்டைவிட, கழற்றவும் போடவும் ஏதுவாக மூன்று அடுக்குகள் நல்லது: வியர்வையைத் தேக்காத மெல்லிய உள்ளாடை, கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் காய்வதே இல்லை. ஸ்லீப்பிங் பேக் –10 டிகிரியைத் தாங்குவதாக இருக்கட்டும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர்களின் கடுமையும் கூடுகிறது என்பதால், கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை என்ற நம் எண்ணத்தை விட்டுவிட்டு, உதடு, காதுமடல், மூக்கின் அடிப்புறம் வரை பூசுங்கள்.

ஊன்றுகோல்கள் முழங்காலைக் காக்கும். இன்கா பாதையில் அவற்றின் முனையில் ரப்பர் உறை கட்டாயம். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கேயே வாங்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். குளிரில் மின்கலம் விரைவில் இறங்கிவிடும் என்பதால் இரவில் அதற்கும் ஸ்லீப்பிங் பேக்கில் இடம் கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவு மட்டும் உண்பவர்கள். மலையில் பட்டினி கிடக்க நேருமா? ஓடை நீரைக் குடிக்கலாமா?

உருளைக்கிழங்கின் தாயகத்தில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அரிசி, கினோவா, பெருமணிச் சோளம், பீன்ஸ் எல்லாம் கிடைக்கும். சிக்கல் சூப்பில்தான், காய்கறி சூப் என்று தருவதையும் பெரும்பாலும் கோழி வேகவைத்த நீரில்தான் காய்ச்சுவார்கள். மேலும் அவர்கள் பேச்சு வழக்கில் ‘கார்னே’ என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான் என்பதால், ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் தனித்தனியே மறுத்துச் சொல்லுங்கள். பருப்பு கொண்டுபோகும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடுவதால், பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே ஆடுமாடுகள் மேய்கின்றன. கொதிக்கத் தொடங்கியபின் 3 நிமிடம் விட்டு இறக்குங்கள், அல்லது வடிகட்டியையோ குளோரின் மாத்திரையையோ பயன்படுத்துங்கள். நீர் குளிர்ந்திருந்தால் மாத்திரைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். உவாராஸ் பகுதிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பனியாறுகள் பின்வாங்கியதால் வெளிப்பட்ட பாறைகளிலிருந்து அமிலமும் உலோகங்களும் அங்கே சில ஓடைகளில் கரைகின்றன. கற்கள் துருவேறியதுபோலச் செம்மஞ்சளாகத் தெரியும் ஓடையில் நீர் எடுக்காதீர்கள். கொதிக்கவைத்தாலும் வடிகட்டினாலும் உலோகம் போகாது.

கேள்வி: நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் போகிறோம். கழிப்பறை வசதி, மாதவிலக்கு நாட்கள் ஆகியவை பற்றி யாரிடமும் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

தயங்க வேண்டியதே இல்லை. இன்கா பாதை முகாம்களில் கழிப்பறைகள் உண்டு, பெரும்பாலும் குந்தி அமரும் வகைதான். நமக்கு அது பழக்கமானதே. சல்கந்தாயிலும் சாந்தா குரூஸிலும் பல இடங்களில் பாறை மறைவுதான் துணை. நிறுவனம் தனிக் கழிப்பறைக் கூடாரம் கொண்டுவருமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். நீண்ட பயணமும் நேர மாற்றமும் மாதவிலக்குத் தேதியை முன்பின்னாக்கக்கூடும் என்பதால், நாள் கணக்கு எப்படியிருந்தாலும் நாப்கின்களை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். பயன்படுத்தியவற்றை மலையில் புதைக்காமல், இறுக மூடும் பைக்குள் வைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தேதியைத் தள்ளிவைக்க மாத்திரை எடுக்க நினைப்பவர்கள், உயரத்துக்குப் போகும் செய்தியை மருத்துவரிடம் சொல்லியே கேளுங்கள். அத்தகைய மாத்திரைகளில் சில இரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும்.

கேள்வி: என் சுமையை இன்னொருவர் முதுகில் ஏற்றுவது மனத்துக்கு ஒப்பவில்லை. எல்லாவற்றையும் நானே சுமந்து நடப்பது முறையல்லவா?

அந்த எண்ணம் மதிக்கத்தக்கதே. ஆனால் குஸ்கோவைச் சுற்றியுள்ள கெச்சுவா மொழி பேசும் சிற்றூர்களில் பல குடும்பங்களுக்கு இது முக்கியமான வருமானம். அதை மறுப்பதைவிட முறையாகக் கொடுக்கப்படுகிறதா என்று பார்ப்பதே அவர்களுக்குப் பயன்படும். சுமைதூக்குவோருக்கென 2001ஆம் ஆண்டில் வந்த சட்டம் ஒருவர் தூக்கும் எடைக்கு 20 கிலோ என்று வரம்பு வைத்தது. இன்கா பாதை தொடங்கும், ரயில்பாதையின் 82ஆம் கிலோமீட்டரில் உள்ள சோதனைச் சாவடியில் ஒவ்வொரு மூட்டையையும் தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள். முள் கூடுதலாகக் காட்டினால் அங்கேயே மூட்டையை அவிழ்த்து, கூடாரக் கம்பியையோ அரிசிப் பையையோ இன்னொருவரிடம் மாற்ற வேண்டும். சாவடி இல்லாத பிற பாதைகளில் இந்த வரம்பு காகிதத்தோடு நின்றுவிடுவதுண்டு. ஆகவே விலையை மட்டும் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர்களுக்கு உறங்கப் பாய் உண்டா, மழையுடை தருகிறார்களா, நாம் உண்பதையே அவர்களும் உண்கிறார்களா, காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

சுமைதூக்குவோர் எடுத்துவரும் உங்கள் பொருட்களுக்கு, ஸ்லீப்பிங் பேக்கையும் சேர்த்து 7 கிலோதான் பெரும்பாலும் ஒதுக்குவார்கள், அதைக் கடக்காதீர்கள். அன்பளிப்புத் தொகையைச் சோலில், சில்லறைத் தாள்களாக, வழிகாட்டியிடம் மொத்தமாக அல்லாமல் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது நல்லது. கடைசி நாள் விடியலில் நீங்கள் மச்சு பிச்சுவை நோக்கிக் கிளம்பும்போது அவர்கள் ரயிலைப் பிடிக்க எதிர்த்திசையில் ஓடிவிடுவார்கள் என்பதால், முந்தைய நாள் மாலையிலேயே கொடுத்துவிட வேண்டும்.